பங்காளி வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பா, சிமெண்டா?

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்ததும் செட்டிநாட்டு ஊர்களில் ஒரே கேள்வி பல வீடுகளிலிருந்து கிளம்பும். உள்முற்றத்தைச் சுற்றிய வளவுச் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பூச்சு பொரிந்து கொட்டியிருக்கும். பூட்டிக் கிடந்த இரண்டாம் கட்டுப் பகுதியில் உப்புப் பூத்திருக்கும். சென்னையில் ஒரு பங்காளி, கோலாலம்பூரில் ஒரு பங்காளி, ஊரிலேயே இருக்கும் அண்ணன் ஒருவர் என்று எல்லோரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருப்பார்கள். "எல்லாத்தையும் கொத்திட்டு சிமெண்ட் பூசிடுவோம், ஒரே செலவா முடிஞ்சிரும்" என்பார் ஒருவர். "ஐயா காலத்து முட்டைப் பூச்சையே மறுபடி போடணும்" என்பார் இன்னொருவர். மூன்றாமவர், "ரெண்டையும் கலந்து பூசலாம்னு கொத்தனார் சொல்றாரு" என்று நடுவில் வருவார். முன்னோரைக் கும்பிடும் அடுத்த படைப்புக்குள் வேலை முடிய வேண்டும் என்பதில் மட்டும் மூவருக்கும் ஒரே கருத்து.

இந்த மூன்று வழிகளையும், யாரும் பேச்சில் எடுக்காத நான்காவது ஒன்றையும் இங்கே எடை போட்டுப் பார்க்கிறேன். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் வட்டாரத்தில் செங்கல்லிலோ செம்புறாங்கல்லிலோ சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய வீடுகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். புது வீடு கட்டுபவர்கள் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம்.

## வீட்டின் வயதை முதலில் பாருங்கள்

சுண்ணாம்பு நம்முடையது, சிமெண்ட் வெளியிலிருந்து வந்தது என்ற பேச்சு இந்த ஊர்களில் எடுபடாது. பர்மாவிலிருந்து தேக்கு, இலங்கையிலிருந்து முதிரை, இத்தாலியிலிருந்து பளிங்கு, பெல்ஜியத்திலிருந்து கண்ணாடி என்று கப்பலில் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து இறக்கியவர்கள் இந்த வீடுகளைக் கட்டியவர்கள். அவர்கள் புதிய பொருளைக் கண்டு ஒதுங்கியதே இல்லை. இன்று 'பாரம்பரியம்' என்று நாம் கொண்டாடும் ஆத்தங்குடித் தரைக் கல்லே சிமெண்டில் பிறந்ததுதான். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, வண்ணச் சிமெண்ட் குழம்பை ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் அடைத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. அதைச் சூளையில் வேகவைப்பது கிடையாது.

அதனால் கேள்வியை வயதிலிருந்து தொடங்க வேண்டும். லீட்ஸைச் சேர்ந்த கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1824-இல். இந்தியாவில் முதல் முயற்சி நம் சென்னையில் 1904-இல் நடந்தது, நிலைக்கவில்லை. போர்பந்தரில் 1914-இல்தான் உற்பத்தி ஊன்றியது. திருநெல்வேலிப் பக்கம் தாழையூத்து ஆலை 1949-இல் ஓடத் தொடங்கியது. கானாடுகாத்தான் அரண்மனை முடிந்த ஆண்டு 1912. ஆக, முதல் உலகப்போருக்கு முந்தைய வீடு என்றால் சுவரின் உள்ளும் புறமும் சுண்ணாம்பு என்றே எடுத்துக்கொள்ளலாம். 1930-களில் எழுந்த வீடு என்றால் கவனம் வேண்டும். முகப்பில் கான்கிரீட், மேலே இரும்பு உத்தரம், உள்ளே சுண்ணாம்பு என்று ஒரே வீட்டில் மூன்று காலம் இருக்கும். ஆர்ட் டெகோ பாணியில் நிற்கும் முகப்புகள் பெரும்பாலும் இந்தக் கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவை.

ஆணியால் பூச்சை ஓர் ஓரத்தில் சுரண்டினால் ஓரளவு தெரிந்துவிடும். வெள்ளையாகவோ மங்கிய பழுப்பாகவோ பொடிந்து வந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் ஆணியை எதிர்த்து நின்றால் யாரோ பின்னால் பூசிய சிமெண்ட். எலுமிச்சம்பழம் பிழிந்து நுரைக்கிறதா என்று பார்க்கும் வித்தையை நம்ப வேண்டாம், இரண்டுமே நுரைக்கும்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் ஈரம். இன்றைக்கு அடித்தளத்தின் மேல் போடும் ஈரத்தடுப்புப் படை பழைய சுவர்களின் அடியில் பெரும்பாலும் கிடையாது. மண்ணிலிருந்து ஓதம் ஏறும், ஏறியது சுவரின் முகம் வழியாக ஆவியாகிப் போகும். இந்த ஏற்பாட்டை நம்பித்தான் வீடு நிற்கிறது. புதிய பூச்சு அந்த வழியைத் திறந்து வைக்கிறதா, அடைக்கிறதா?

இரண்டாவது கடினம். வெயிலுக்கு விரிந்து இரவில் சுருங்கும் சுவரில், மேலே இருப்பது உள்ளே இருப்பதைவிட மென்மையாக இருக்க வேண்டும். உடைவது என்று வந்தால் பூச்சு உடையட்டும், செங்கல் உடையக் கூடாது. கட்டட வேலையில் 'வலுவானது நல்லது' என்ற பழக்கம் ஊறிப்போனதால் இதைப் புரியவைப்பதுதான் மிகக் கடினம்.

மூன்றாவது, பூசியதைப் பிறகு பிரித்தெடுக்க முடியுமா என்பது. அடுத்த தலைமுறைக்கு வேறு எண்ணம் வந்தால் சுவருக்குச் சேதமில்லாமல் எடுக்க வழி இருக்க வேண்டும்.

பிறகு ஆளும் காலமும். கடைசியில் பணம். அதையும் இந்த வருடச் செலவாகப் பார்க்காமல் இருபது வருடக் கணக்காகப் பார்க்க வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். ஒரு மூலையில் தொடங்கும் கேட்டை அன்றாடம் பார்க்க அங்கே ஆள் இல்லை.

## முதல் வழி: முழுக்கச் சுண்ணாம்பு

சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ ஏறக்குறைய 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிக் கற்சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். நீற்றியதை மணலோடு சேர்த்து அரைத்துப் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. கல்லில் புறப்பட்டது சுவரில் கல்லாகவே முடிகிறது. சிமெண்டோ ஏறக்குறைய 1450 டிகிரியில் வெந்து, தண்ணீரோடு சேர்ந்து இறுகும் பொருள். அது காற்றுக்குக் காத்திருப்பதில்லை.

இந்தக் காத்திருப்பில்தான் சுண்ணாம்பின் குணமும் இருக்கிறது, தொந்தரவும் இருக்கிறது. இறுகிய பிறகும் நுண்துளைகள் திறந்தே இருப்பதால் ஈரம் போய் வரும். மயிரிழை விரிசல் விழுந்தால், கசியும் நீரில் கரைந்த சுண்ணாம்பு அங்கே மறுபடி படிந்து தானாக அடைத்துக்கொள்ளும். பெரிய விரிசலுக்கு இது பொருந்தாது. ஆனால் மேற்பரப்பிலிருந்து உள்ளே வரை இறுக நாளாகும், ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே ஒரு வாரம், பத்து நாள் விட வேண்டும். பழங்காலத்திலும் இது அவசரக்காரர்களின் வேலையாக இருக்கவில்லை. மூன்று வருடத்துக்குக் குறைவாக ஊறிய சுண்ணாம்பைப் பயன்படுத்தக் கூடாது என்று ரோமில் பழைய சட்டம் இருந்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார்.

செட்டிநாட்டுப் பூச்சு இதிலும் ஒரு படி மேல். அடியில் மணல் மிகுந்த பரும்பூச்சு, அதன் மேல் நைசான பூச்சு, கடைசியில் மிக நுணுக்கமாக அரைத்த வெண்சாந்தில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து ஏற்றும் மெருகு. கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டிக் கரைசலும் அடிச்சாந்துக்குப் போகும். கருப்பட்டி சாந்தைக் குழைவாக்கும், முட்டையின் புரதம் மேற்பரப்பை இறுக்கி நீரை ஓரளவு விலக்கும். நூறு ஆண்டு கடந்தும் ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்று நிற்கும் சுவர்களில் பாதிப் புகழ் முட்டைக்கும், மீதி அதைத் தேய்த்த கைகளுக்கும் சேர வேண்டும். முட்டையை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு அதே பளபளப்பை எதிர்பார்க்கும் வீட்டுக்காரர்களைப் பார்க்கும்போது சிரிப்பு வருகிறது.

மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்லிவிடுகிறேன். கூலிதான் பெரும்பங்கு. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இந்த வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுடைய நாளுக்குக் காத்திருக்க வேண்டும். சுண்ணாம்பைக் குழியில் ஊறப்போட இடமும் முன்கூட்டிய திட்டமும் வேண்டும். பையில் வரும் நீற்றிய சுண்ணாம்பு எல்லாம் கட்டட வேலைக்கு ஆகாது. வெள்ளையடிக்கும் தூளையே சாந்துக்குப் போட்டுவிட்டுப் பூச்சு உதிர்கிறது என்று சுண்ணாம்பைத் திட்டுபவர்கள் உண்டு. இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 712 கட்டடச் சுண்ணாம்பை வகை பிரித்திருக்கிறது. அதில் 'சி' வகை தூய்மையான கொழுத்த சுண்ணாம்பு, பூச்சுக்கு உரியது. 'ஏ' வகை தண்ணீரிலும் இறுகும், கட்டு வேலைக்கு உரியது. சுக்கான்கல்லிலிருந்து எடுப்பது தனி வகை. கடைக்காரரிடம் எந்த வகை என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் வேறு கடை பாருங்கள்.

நீறும் சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. நீற்றும் இடத்தில் பிள்ளைகளை விடக் கூடாது, ஆட்களுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுக்க வேண்டும்.

பருவமும் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசிக் காற்றில் பூச்சு இறுகுவதற்கு முன்பே காய்ந்து தூளாகிவிடும், ஐப்பசி மழையில் காயவே காயாது. தை முதல் பங்குனி பாதி வரை நல்ல காலம். அப்போதும் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு வெயிலை மறைப்பது நல்லது.

எல்லாவற்றையும்விட அதிகம் வீணாகும் பணம் ஒன்று உண்டு. இத்தனை பாடுபட்டுச் சுண்ணாம்பு பூசிவிட்டு அதன் மேல் வால் புட்டியும் பிளாஸ்டிக் எமல்ஷனும் அடிப்பது. திறந்த துளைகளை அன்றே மூடியாயிற்று. சுண்ணாம்புப் பூச்சுக்கு மேல் சுண்ணாம்பு வெள்ளைதான், வண்ணம் வேண்டுமானால் அதில் கலக்கும் காவியும் நீலமும்தான்.

பொருந்தும் இடம்: சுண்ணாம்பில் கட்டிய சுவர், ஓதம் ஏறும் கீழ்ப்பகுதி, வளவு, பட்டாலை என்னும் கூடம், சுதை வேலை உள்ள முகப்பு. வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீடு என்றால் இன்னும் பொருந்தும்.

## இரண்டாம் வழி: முழுக்கச் சிமெண்ட்

சிமெண்டின் நற்பெயர் சும்மா வந்ததில்லை. மூட்டைக்கு மூட்டை ஒரே தரம். எந்த ஊரிலும் ஆள் கிடைக்கும். பூசி, குறைந்தது ஒரு வாரம் தண்ணீர் விட்டால் வேலை முடிந்தது. மழைக்கு நேரே நிற்கும் புறச்சுவர், தண்ணீர்த் தொட்டி, குளியலறை போன்ற இடங்களில் சிமெண்டோடு மல்லுக்கட்டுவது வீண் பிடிவாதம்.

பழைய சுவரின் மேல் அதைப் பூசினால் நடப்பது வேறு கதை. சுவரின் ஈரம் ஆவியாகிப் போகும் வழி அடைபடுகிறது. வெளியேற முடியாத ஓதம் இன்னும் மேலே ஏறித் தப்பிக்க இடம் தேடும். பூச்சு முன்பு முழங்கால் உயரத்தில் கெட்டிருந்த சுவரில், சிமெண்ட் பூசி நாலைந்து வருடம் கழித்து நெஞ்சு உயரத்தில் புதிய கறை வருவது இதனால்தான். நீரோடு வரும் உப்பு சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் படிகமாகி, பழைய செங்கல்லின் முகத்தை மாவாக உதிர்க்கும். சிமெண்ட் தன் பங்குக்கும் கொஞ்சம் உப்பைக் கொண்டுவரும். வெளியிலிருந்து பார்த்தால் பூச்சு விறைப்பாக நிற்கும், தட்டினால் 'டொக் டொக்' என்று வெற்றோசை கேட்கும்.

பெரிய செலவு அதற்குப் பிறகு. அந்தப் பூச்சை எடுக்க உளி வைத்தால் செங்கல்லின் முகத்தோடு பெயர்ந்து வரும். சுவர் மேடு பள்ளமாகி, முன்பு முக்கால் அங்குலம் போதும் என்றிருந்த இடத்தில் ஒன்றரை அங்குலம் பூச வேண்டியிருக்கும். சுவருக்குள் செருகியிருக்கும் தேக்கு உத்தரத்தின் நுனி ஈரத்திலேயே கிடந்து உளுத்துப்போனால் அந்தச் செலவைப் பூச்சுக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. பர்மாத் தேக்கில் ஓர் உத்தரம் மாற்றுவது என்ன விலை என்பதைக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஒரு நடை விசாரித்தால் தெரிந்துவிடும்.

சூழல் கணக்கையும் சிலர் கேட்கிறார்கள். உலகில் மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் சுமார் 7, 8 சதவீதம் சிமெண்டுக்குச் சேரும் என்பது பரவலான மதிப்பீடு. சுண்ணாம்பும் சூளையில் வெந்துதான் வருகிறது. இறுகும்போது ஒரு பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது என்பதே அதன் சலுகை. ஒரு வீட்டுப் பூச்சு அளவில் இதை முடிவின் மையமாக்க மாட்டேன்.

பொருந்தும் இடம்: பின்கட்டில் புதிதாக எழுப்பும் குளியலறை, 1930-களுக்குப் பின் சிமெண்டிலேயே கட்டிய பகுதிகள், கான்கிரீட் முகப்பு, காம்பவுண்டுச் சுவர்.

## மூன்றாம் வழி: இரண்டையும் கலப்பது

எல்லோரும் சமாதானமாகிவிடுவதால் இதுதான் அதிகம் தேர்ந்தெடுக்கப்படுகிறது. ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் என்பது உலகெங்கும் புழங்கும் அளவு. புதிய செங்கல் சுவருக்கு அது நல்ல பூச்சு. தனிச் சிமெண்டைவிடக் குழைவாகப் பூசலாம், விரிசல் குறையும்.

பழைய சுவருக்குக் கொத்தனார்கள் செய்வது இதுவல்ல. சுண்ணாம்புச் சாந்திலேயே 'பிடிக்கிறதுக்காக' ரெண்டு கரண்டி சிமெண்ட் போடுவது. இங்கிலாந்தில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கொஞ்சமாகச் சேர்க்கும் சிமெண்ட் சீக்கிரம் இறுகுவதுபோல் காட்டினாலும், சுண்ணாம்பு தன் போக்கில் நன்றாக இறுகுவதைக் கெடுத்து, கடைசியில் தனிச் சுண்ணாம்பைவிட நலிந்த சாந்தாக முடியலாம் என்று தெரிந்தது. அந்த ஆய்வுத் திட்டத்துக்கு ஜான் ஸ்மீட்டனின் பெயரை வைத்தார்கள். எடிஸ்டன் கலங்கரை விளக்கத்தைக் கட்டுவதற்காக, களிமண் கலந்த சுண்ணாம்புக்கல் தண்ணீரிலும் இறுகும் என்று 1756 வாக்கில் கண்டுபிடித்தவர் அவர்.

சீக்கிரம் இறுக வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் நம் ஊரிலேயே பழைய வழி இருக்கிறது. நன்றாகச் சுட்ட செங்கல்லை இடித்துச் சலித்த சுர்க்கியைச் சுண்ணாம்போடு அரைப்பது. சுட்ட களிமண் சுண்ணாம்போடு வினைபுரிந்து ஈரத்திலும் இறுகும், காற்றோட்டத்தையும் மூடாது.

இன்னொரு கூத்தும் நடக்கிறது. 'பாரம்பரிய முறை' என்று சொல்லிச் சிமெண்ட் கலவையில் கருப்பட்டித் தண்ணீர் ஊற்றுவது. சர்க்கரை சிமெண்டுக்கு எதிரி. சிமெண்ட் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான சர்க்கரையே அது இறுகுவதைத் தள்ளிப்போட்டுவிடும். சுண்ணாம்புக்கு மருந்தாக இருப்பது சிமெண்டுக்கு நஞ்சு.

பொருந்தும் இடம்: புதிய செங்கல் வேலை, பழைய வீட்டோடு ஒட்டி எழும் புதிய சுவர்கள். பழைய சுவருக்கு வேண்டாம்.

## நான்காம் வழி: கெட்டதை மட்டும் ஒட்டுப்போடுவது

ஒப்பந்தக்காரர் இதைச் சொல்லமாட்டார், சதுர அடிக்கணக்கு குறைந்துவிடும். ஆனால் பாதிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு நான் சொல்வது இதைத்தான்.

விரல் கணுவால் சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான ஓசை வரும் இடத்தைத் தொடாதீர்கள். வெற்றோசை வரும் இடத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் வட்டமிடுங்கள். கெட்டதுபோல் தோன்றிய சுவரில் வட்டமிட்ட பரப்பு பல நேரம் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருக்கும். அதை மட்டும் எடுத்து, பழைய சாந்தோடு ஒத்துப்போகும் சுண்ணாம்பால் நிரப்பலாம். முட்டை மெருகு கெடாமல் நிற்கும் பரப்பை இன்று எவ்வளவு செலவழித்தாலும் அதேபோல் மறுபடி செய்வது அரிது. அதைக் கொத்தி எடுப்பவர் பணம் கொடுத்துச் சொத்தைக் கரைக்கிறார்.

குறை இல்லாமல் இல்லை. ஒட்டு தெரியும். பழைய வெண்மையும் புதிய வெண்மையும் சில வருடத்துக்குச் சேராது. கல்யாண போட்டோவில் அது விழும் என்று ஆச்சிமார் கவலைப்படுவது நியாயம்தான். வருடா வருடம் ஒருவர் பார்க்க வேண்டும், அதற்கு ஊரில் ஆள் வேண்டும். எந்தப் பங்காளி பார்ப்பது என்பது கட்டடவியலுக்கு அப்பாற்பட்ட விஷயம்.

## கொள்கைக்காரர்கள் இதில் எப்படி மாறினார்கள்

நினைவுச்சின்னங்களைப் பழுதுபார்ப்பது பற்றி 1931-இல் ஏதென்ஸில் கூடிய வல்லுநர்கள் நவீனப் பொருள்களை, குறிப்பாக இரும்புக்கம்பி வைத்த கான்கிரீட்டை, நிதானமாகப் பயன்படுத்தலாம் என்று வரவேற்றார்கள். அதே ஊர்க் குன்றின் மேல் பார்த்தினான் கோவிலில் அப்போது பழுதுவேலை நடந்துகொண்டிருந்தது. பழைய கிரேக்கக் கொத்தர்கள் பளிங்குக் கற்களை இணைத்த இரும்புக் கவ்விகளை ஈயத்தில் பொதிந்து வைத்திருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் வைத்த இரும்புக்கு அந்தக் காப்பு இல்லை. துரு ஏறி வீங்கிய இரும்பு பளிங்கையே பிளந்தது. பின்னால் வந்தவர்கள் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு டைட்டானியம் வைக்க வேண்டியதாயிற்று.

1964-இல் எழுதிய வெனிஸ் சாசனம் தொனியை மாற்றியது. பழைய முறைகள் போதாத இடத்தில்தான் நவீன முறை, அதுவும் அறிவியலும் அனுபவமும் அதன் பலனைக் காட்டியிருந்தால். செட்டிநாட்டின் ஊர்த் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் இருப்பதால் உங்கள் சுவரில் யாரும் வந்து சிமெண்டைத் தடுக்கப்போவதில்லை, தனியார் வீட்டில் முடிவு உங்களுடையது. ஆனால் ஏதென்ஸிலிருந்து வெனிஸுக்கு வருவதற்குள் அவர்கள் பட்டறிந்ததை நாம் சொந்தச் செலவில் மறுபடி படிக்க வேண்டியதில்லை.

பாடம் 'பழையதே நல்லது' என்பதாக எனக்குப் படவில்லை. டைட்டானியத்தைவிடப் புதிய பொருள் வேறென்ன? பக்கத்தில் இருக்கும் கல்லோடு சண்டை போடாததால் அது நிலைத்தது. ஆத்தங்குடிக் கல்லும் அப்படித்தான் இந்த வீடுகளில் நூறு வருடமாகக் குடியிருக்கிறது.

## ஒரே பார்வையில்

| | சுண்ணாம்பு | சிமெண்ட் | கலவை | ஒட்டு வேலை |
|---|---|---|---|---|
| ஓதம் வெளியேற வழி | திறந்தது | பெரும்பாலும் அடைபடும் | இடைப்பட்டது | திறந்தது |
| பழைய செங்கல்லோடு | ஒத்துப்போகும் | செங்கல்லைவிடக் கடினம் | அளவைப் பொறுத்தது | ஒத்துப்போகும் |
| வேலை வேகம் | மாதக் கணக்கு | வாரக் கணக்கு | வாரக் கணக்கு | பரப்பைப் பொறுத்தது |
| ஆள் | தேட வேண்டும் | எங்கும் | எங்கும் | தேட வேண்டும் |
| முதல் செலவு | மிக அதிகம் | குறைவு | நடுத்தரம் | பெரும்பாலும் மிகக் குறைவு |
| பிறகு வரும் செலவு | வெள்ளையடிப்பு, சிறு ஒட்டு | பெயர்த்தெடுப்பு, செங்கல், உத்தரம் | கணிப்பது கடினம் | வருடாந்திரப் பார்வை |
| பிரித்தெடுக்க | எளிது | சுவருக்குச் சேதம் | ஓரளவு சேதம் | எளிது |

## உங்கள் வீடு எந்த வகை

எதைப் பூசுவதற்கு முன்னும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஓடு நகர்ந்திருக்கிறதா, முற்றத்துத் தாழ்வாரத் தகரக் கால்வாய் ஓட்டையா, முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் வழி அடைத்திருக்கிறதா, பின்புறத் தெரு மட்டம் உயர்ந்து மழைநீர் சுவரடியில் நிற்கிறதா. தார்ச்சாலை ஒவ்வொரு முறை போடும்போதும் ஏறிக்கொண்டே போவதால் உயர்ந்து நின்ற வீடுகளும் தாழ்ந்துவிட்டன. இவற்றைச் சரிசெய்யாமல் எந்தப் பூச்சும் நிற்காது, விலை உயர்ந்த சுண்ணாம்பும் சேர்த்துத்தான்.

வீடு சுண்ணாம்பில் கட்டியது, பழைய பூச்சு பெரும்பாலும் கெட்டி என்றால் ஒட்டு வேலை. யோசிக்கவே வேண்டாம்.

சுண்ணாம்பில் கட்டியது, ஆனால் முப்பது வருடத்துக்கு முன் யாரோ அடியிலிருந்து சிமெண்ட் பூசிவிட்டார்கள் என்றால் எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் பெயர்க்காதீர்கள். வெற்றோசை வரும் இடத்தில் மட்டும் எடுத்து, ஒரு மழைக்காலம் சுவரைத் திறந்தே காயவிட்டு, அடுத்த தையில் சுண்ணாம்பு பூசுங்கள். கெட்டியாகப் பிடித்திருக்கும் சிமெண்டைப் பிடுங்குவதும் சேதம்தான்.

வீட்டை விடுதியாக்கப் போகிறீர்கள் என்றால் முன்பகுதிக்குச் சுண்ணாம்பு, புதிய குளியலறைகளுக்குச் சிமெண்ட். குளியலறையைப் பழைய சுவரோடு நேரே ஒட்டவிடாமல், நடுவில் இடைவெளி விட்டுத் தனிச் சுவர் எழுப்புங்கள். பத்து அறைக்குப் பத்துக் குளியலறை என்று வரும்போது, குழாய்க் கசிவு ஒன்று போதும் பட்டாலைச் சுவரைக் கெடுக்க. மின்குழாய்க்காகப் பழைய பூச்சில் காடி வெட்டுவதையும் தவிர்க்கலாம். வெளியே தெரியும்படி ஓடும் பழைய பாணி ஒயரிங் இன்று மறுபடி கிடைக்கிறது.

கல்யாணத்துக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது என்றால் முகப்பையும் வளவையும் ஒட்டுப்போட்டு வெள்ளையடியுங்கள். முழு வேலையை அடுத்த வருடம் வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் பூசிய சிமெண்டை விழா முடிந்தபின் யாரும் எடுப்பதில்லை.

புது வீடு கட்டுபவர்களுக்கு: அடித்தளத்தில் ஈரத்தடுப்புப் படை உண்டு, செங்கல் கட்டு சிமெண்டில் என்றால் சுண்ணாம்புப் பூச்சு கட்டாயம் இல்லை, விருப்பம். அப்போது சிமெண்ட், சுண்ணாம்பு, மணல் 1:1:6 கலவை நல்ல நடுவழி. தரைக்கு ஆத்தங்குடிக் கல் போடுகிறீர்கள் என்றால் பதித்து முடித்த அன்று ஆசிட் ஊற்றிக் கழுவ விடாதீர்கள், வண்ணமே சிமெண்டில்தான் இருக்கிறது, ஆசிட் அதைத் தின்றுவிடும். நடக்க நடக்கத்தான் அதற்கு மெருகு ஏறும்.

ஒப்பந்தம் எழுதும்போது நான்கு வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். எந்த வகைச் சுண்ணாம்பு, எத்தனை நாள் ஊறியது. மணல் ஆற்று மணலா, எம்-சாண்டா, எம்-சாண்ட் என்றால் தூசு போகக் கழுவியதா. பூச்சுக்குப் பூச்சு எத்தனை நாள் இடைவெளி. எந்தச் சுவரில் எந்த உயரம் வரை பழையதை எடுப்பது. பிறகு பின்கட்டில் கண்ணில் படாத ஒரு மூலையில் நாலடிக்கு நாலடி மாதிரி பூசச் சொல்லி ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். கையால் தேய்த்தால் தூள் ஒட்டினால் சுண்ணாம்போ மணலோ சரியில்லை. சிலந்தி வலைபோல் விரிசல் விழுந்தால் சீக்கிரம் காய்ந்திருக்கிறது. இரண்டும் இல்லை என்றால் அதே ஆளை, அதே கலவையை வைத்து முகப்புக்கு வரலாம். முன்பணத்தின் பெரும்பகுதியை அந்த மாதிரி தேறிய பிறகு கொடுப்பது என்று பங்காளிகள் எல்லோரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிடுங்கள்.